வெடிப்புச் சுமையும் சட்டகக் கட்டடமும்: நிலநடுக்கத்துக்கு வடிவமைத்தது போதுமா? (இணையக் குழு உரையாடல்; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

புதுத்தூண்

வணக்கம். ஐந்து மாடி ஆர்.சி.சி. (கம்பியிட்ட கான்கிரீட்) சட்டகக் கட்டடம், அதாவது தூணும் பீமும் சுமை தாங்கும் கட்டடம் ஒன்றை வெடிப்புச் சுமைக்குச் சரிபார்க்கும் வேலை கையில் இருக்கிறது. தரைப்பரப்பு 20 மீட்டருக்கு 20 மீட்டர், உயரம் 15 மீட்டர், தூண்கள் 5 மீட்டர் இடைவெளியில். நிலநடுக்கத்துக்கான டக்டைல் டீட்டெயிலிங் (சட்டென்று உடையாமல் வளைந்துகொடுக்கும்படி கம்பி அமைக்கும் முறை) முழுதாக இருக்கிறது. முகப்பில் மோதித் திரும்பும் அழுத்தம் 200 கிலோபாஸ்கல், அது 10 மில்லிவினாடியில் சுழியத்துக்கு இறங்கும் என்று கொடுத்திருக்கிறார்கள்.

காற்றுச் சுமை போல மாடிவாரியாகப் பிரித்துக் கணினி மாடலில் கொடுத்துப் பார்த்தேன். 300 சதுர மீட்டர் முகப்புக்கு அடிமட்ட வெட்டுவிசை (கட்டடத்தை அடியில் பக்கவாட்டில் அறுக்கப் பார்க்கும் மொத்த விசை) 60,000 கிலோநியூட்டன் வருகிறது. கட்டடத்தின் மொத்த எடையே சுமார் 20,000 கிலோநியூட்டன்தான். எடையைப் போல மூன்று மடங்கு பக்கவிசை! எல்லாத் தூண்களும் தோற்றுப்போகின்றன. இந்தக் கணக்கு சரியா? நிலநடுக்கத்துக்குச் செய்த கட்டடம் வெடிப்புக்கு எந்த அளவு உதவும்?

நடுத்தளம்

தம்பி, அழுத்தம் சரி, பரப்பு சரி, பெருக்கலும் சரி. நேரம் மட்டும் கணக்கில் இல்லை. 200 கிலோபாஸ்கல் அங்கே நிற்பது நூறில் ஒரு வினாடி. உங்கள் கட்டடம் ஒருமுறை அசைந்து திரும்ப அரை வினாடி ஆகும். அது நகரத் தொடங்குவதற்குள் சுமை போய்விடுகிறது. இந்த நிலையில் விசையைப் பார்க்கக் கூடாது, கணத்தாக்கைப் பார்க்க வேண்டும். அழுத்தம், நேரம் வரைபடத்துக்குக் கீழே இருக்கும் பரப்புதான் அது.

முக்கோண வடிவம் என்று எடுத்துக்கொண்டால், 200 கிலோபாஸ்கலையும் 0.010 வினாடியையும் பெருக்கிப் பாதி: சதுர மீட்டருக்கு 1,000 நியூட்டன் வினாடி. 300 சதுர மீட்டருக்கு 3 லட்சம் நியூட்டன் வினாடி. கட்டடத்தின் நிறை 2,000 டன், அதாவது 20 லட்சம் கிலோ. வகுத்தால் கட்டடத்துக்குக் கிடைக்கும் வேகம் வினாடிக்கு 0.15 மீட்டர். அலைவுநேரம் 0.5 வினாடி என்றால், மீள்நிலையில் (எதுவும் நிரந்தரமாக வளையாமல் பழைய நிலைக்குத் திரும்பும் வரம்புக்குள்) உச்சியின் நகர்வு சுமார் 12 மில்லிமீட்டர். 15 மீட்டர் உயரத்துக்கு அது ஒன்றுமே இல்லை. வலுவான நிலநடுக்கத்தில் தரையே இதைவிட வேகமாக அசையும்.

இது கட்டடம் முழுதும் ஒன்றாக ஒரே விதமாக அசைகிறது என்று சுருக்கிய கணக்கு, முகப்பு முழுதும் தாங்கி நின்று வாங்கியதை எல்லாம் சட்டகத்துக்குக் கடத்துகிறது என்று வைத்துப் போட்டது. உண்மையில் முகப்பின் ஒரு பகுதி உடைந்துபோகும், இன்னும் குறைவாகத்தான் வரும். ஆகவே மொத்தக் கட்டடத்தின் பக்க அசைவு உங்கள் கவலை இல்லை. கவலை ஒவ்வொரு உறுப்பிலும் இருக்கிறது, அதற்கப்புறம் சுமைப்பாதையில் இருக்கிறது. மாடலை மூடிவிட்டு முதல் வரிசைத் தூண் ஒன்றைத் தனியாக எடுங்கள்.

புதுத்தூண்

நன்றி சார். தூண் 400க்கு 400 மில்லிமீட்டர், தெளிவு உயரம் (மேல், கீழ் ஆதாரங்களுக்கு இடையில்) 3.6 மீட்டர். அதற்கும் கணத்தாக்கை நிறையால் வகுத்தால் போதுமா?

நடுத்தளம்

போதாது. இரண்டு முனையும் பிடிக்கப்பட்ட அந்தத் தூணின் இயல்பு அலைவுநேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். விரிசல் இல்லாத நிலையில் சுமார் 9 மில்லிவினாடி, விரிசலுக்காக விறைப்பைப் பாதியாக்கினால் 13க்குப் பக்கம். சுமையின் நேரமும் கிட்டத்தட்ட அதே 10. கட்டடத்துக்கு ஒரு கணநேரத் தட்டாக இருந்த அதே அலை, தூணுக்கு முழு இயங்குசுமை. விசை, நேரம், அலைவு மூன்றும் சேர்ந்தே பதில் சொல்லும். மீள்நிலையில், அதே சுமை மாறாமல் நின்றால் வரும் விளைவைப்போல (நிலைச்சுமை விளைவு) ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வரும்.

சுமை நேரத்தைவிட அலைவுநேரம் மிகப் பெரிதாக இருந்தால் கணத்தாக்கு மட்டும் போதும். மிகச் சிறிதாக இருந்தால் உச்ச அழுத்தமே போதும், திடீரென ஏறி நிற்கும் சுமைக்கு இரண்டு மடங்கு. இரண்டுக்கும் நடுவில்தான் கணத்துக்குக் கணம் போடும் முழு நேரவழிக் கணக்கு தேவை. ஒரே கட்டடத்தில், ஒரே வெடிப்புக்கு, கண்ணாடி ஒரு வகையிலும் தூண் இன்னொரு வகையிலும் மொத்தச் சட்டகம் மூன்றாவது வகையிலும் விழும். ‘சமான நிலைச்சுமை’ என்று ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் போடும் பழக்கம் எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம்.

ஒன்று கேட்கிறேன். தூண்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது? கண்ணாடியா, செங்கல் சுவரா, கான்கிரீட் பேனலா?

புதுத்தூண்

இன்னும் முடிவாகவில்லை சார். கட்டடக்கலைஞர் கண்ணாடி கேட்கிறார், உரிமையாளர் பாதுகாப்புக்காகக் கனமான கான்கிரீட் பேனல் கேட்கிறார்.

நடுத்தளம்

அதை முடிவு செய்யாமல் தூணுக்குக் கணக்கே போட முடியாது.

கண்ணாடி உடனே உடைந்துபோனால் தூணின் மேல் விழுவது அதன் சொந்த அகலம் 0.4 மீட்டருக்கான அழுத்தம் மட்டும்: 200ஐ 0.4ஆலும் 3.6ஆலும் பெருக்கினால் 288 கிலோநியூட்டன். கான்கிரீட் பேனல் உடையாமல் நின்று 5 மீட்டர் அகலத்தையும் தூணுக்குக் கொடுத்தால் 3,600 கிலோநியூட்டன். பன்னிரண்டரை மடங்கு வித்தியாசம். முதல் நிலையில் ஒவ்வொரு முனையிலும் வெட்டுவிசை ஒன்றரை மடங்கு பெருக்கத்தோடும் 216 கிலோநியூட்டன், நெருக்கமான ரிங் (மெயின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி) போட்ட தூண் தாங்கும். இரண்டாவதில் அதே கணக்கு 2,700. அந்த அளவுத் தூணில் எவ்வளவு ரிங் போட்டாலும் நடக்காது.

தனித்தூணுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. மோதித் திரும்பிய அழுத்தம் தூணின் விளிம்பு வழியாக உடனே வடிந்துவிடும். அலையின் வேகம் வினாடிக்கு 460 மீட்டர் என்று வைத்தால், 0.4 மீட்டர் அகலத் தூணில் சுமார் 1.3 மில்லிவினாடியில் அது வடிந்து, சுற்றி ஓடும் காற்றின் இழுவை மட்டும் மிஞ்சும். அகலமான முகப்பில் இப்படி வடிய வழி இல்லை.

பேனல் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவர் எவ்வளவு தாங்குமோ அவ்வளவைத்தான் தூணுக்குக் கொடுக்கும். ஆகவே பேனலின் எதிர்ப்புத்திறனை நாமே தீர்மானித்து, அது வளைந்து ஆற்றலை உறிஞ்சும்படி செய்து, அதன் ஆதார விசையைத் தூணிடம் தராமல் மேலும் கீழும் இருக்கும் ஸ்லாபுக்குக் கொடுக்கலாம். ஸ்லாப் தன் தளத்திலேயே விறைப்பானது, பக்கவிசையை எளிதாக வாங்கி மொத்தக் கட்டடத்துக்கும் பரப்பிவிடும்.

வளையக்கம்பி

தளத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் கேட்கிறேன். கனமான சுவர் நல்லது என்கிறீர்களா? நிலநடுக்கத்துக்கு எடையைக் குறை, குறை என்றுதானே சொல்வார்கள்?

நடுத்தளம்

நல்ல கேள்வி. இரண்டுக்கும் நேர் எதிர் திசை இதுதான். நிலநடுக்கத்தில் விசை நிறையிலிருந்து பிறக்கிறது, நிறை கூடினால் விசை கூடும். வெடிப்பில் விசை வெளியிலிருந்து வருகிறது, நிறை அதைத் தாமதப்படுத்துகிறது.

அதே 1,000 நியூட்டன் வினாடியை எடுங்கள். 200 மில்லிமீட்டர் கான்கிரீட் சுவர் சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ. வேகம் வினாடிக்கு 2 மீட்டர், இயக்க ஆற்றல் 1,000 ஜூல். அரைச் செங்கல் சுவர் சுமார் 220 கிலோ. வேகம் 4.5 மீட்டர், ஆற்றல் 2,270 ஜூல். கணத்தாக்கு ஒன்றே. லேசான சுவர் இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றலை உறிஞ்ச வேண்டும், அதனிடம் உறிஞ்சக் கம்பியும் இல்லை. கட்டுச்சுவர் உடைந்து அறைக்குள் பறப்பது இப்படித்தான்.

விளிம்புத்தூண்

‘மொத்தச் சட்டகத்தின் அசைவு கவலை இல்லை’ என்று பொதுவாகச் சொன்னதை நான் ஏற்கவில்லை. அது சிறிய வெடிப்பு, கிட்டத்தில் நடக்கும்போது மட்டும் பொருந்தும். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் இருந்த கிடங்கு வெடித்தது. டி.என்.டி. சமானம் (அதே பலம் தர எவ்வளவு டி.என்.டி. வெடிபொருள் வேண்டும் என்ற அளவு) அரை கிலோடன் முதல் ஒரு கிலோடன் வரை என்று பலர் மதிப்பிட்டார்கள். கனமூல விதிப்படி, அதே உச்ச அழுத்தம் உணரப்படும் இடத்தில் சுமை நீடிக்கும் நேரம் வெடிபொருள் எடையின் கனமூலத்தோடு கூடும். 100 கிலோவோடு ஒப்பிட்டால் ஒரு கிலோடனுக்கு 21 மடங்கு. 10 மில்லிவினாடி 200 ஆகிவிடும். அப்போது உங்கள் அரை வினாடிக் கட்டடத்துக்கு அது கணநேரத் தட்டு இல்லை.

நடுத்தளம்

ஏற்கிறேன். நான் போட்டது கேள்வியில் கொடுத்த 10 மில்லிவினாடிக்கான கணக்கு. பெரிய தொழிற்சாலை வெடிப்பு, கிடங்கு வெடிப்பு என்றால் சட்டகத்தின் பக்க அசைவையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே பின்சுவரையும் சேர்க்க வேண்டும். 10 மில்லிவினாடியில் அலை நாலைந்து மீட்டர்தான் போகும், முன்சுவர்ச் சுமை முடிந்த பிறகுதான் பின்சுவருக்குப் போய்ச்சேரும். 200 மில்லிவினாடி என்றால் நேரம் பாதி ஆவதற்குள்ளேயே கட்டடம் நாலு பக்கமும் அழுத்தத்துக்குள் மூழ்கிவிடும், பின்பக்கம் எதிராகத் தள்ளும்.

பெய்ரூட்டில் கவனிக்க வேண்டியது, பல கான்கிரீட் சட்டகக் கட்டடங்களில் சட்டகம் நின்றது. கண்ணாடி, கதவு, உட்சுவர் எல்லாம் போயின. மனிதர்களைக் காயப்படுத்தியதில் பெரும் பங்கு அவற்றுக்குத்தான். சட்டகம் நின்றாலே கட்டடம் காப்பாற்றியது என்று நாம் எழுதிவிடக் கூடாது.

வளையக்கம்பி

தூண் பலம் போதாது என்றால் மெயின் கம்பியைக் கூட்டிவிடலாமே? 20 மில்லிமீட்டர் எட்டுக்குப் பதிலாக 25 எட்டு. தளத்தில் எளிது.

நடுத்தளம்

தயவுசெய்து வேண்டாம். இந்த இழையில் ஒன்றே ஒன்றைப் படிப்பதானால் இதைப் படியுங்கள் என்பேன்.

தூண் இரண்டு வகையில் தோற்கலாம். வளைந்து தோற்பது மெதுவானது. கம்பி இளகும் (அறாமல் நிரந்தரமாக நீளும்), கம்பியை மூடிய வெளிக் கான்கிரீட் உதிரும், தூண் கோணிக்கொண்டாவது மேலிருக்கும் சுமையைப் பிடித்திருக்கும். வெட்டுவிசையில் தோற்பது சட்டென்று நடக்கும், அதன்பின் சுமைதாங்க அங்கே எதுவும் இருக்காது. முனைகளில் உருவாகும் வெட்டுவிசையை முடிவு செய்வது தூணின் வளைவுத்திறன். மெயின் கம்பியைக் கூட்டினால் வளைவுத்திறன் கூடும், தூண் இளகாமல் அடம்பிடிக்கும், முனை வெட்டுவிசை கூடும். ரிங் அதேதான் இருக்கிறது. பலப்படுத்துவதாக நினைத்து, மெதுவான தோல்வியைச் சட்டென்ற தோல்வியாக மாற்றிவிடுகிறோம்.

வேகமான சுமையில் பொருள்களின் பலமும் ஏறும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் யு.எஃப்.சி. வரிசையில் 3-340-02 கையேடு தூர வெடிப்புக்கு வளைவில் கம்பிக்கு 1.17 மடங்கும் கான்கிரீட்டுக்கு 1.19 மடங்கும் அனுமதிக்கிறது. ஆனால் மூலைவிட்ட வெட்டுவிசைக்கு அதே கையேடு ஏற்றம் எதுவும் தருவதில்லை. இதோடு உண்மையான கம்பியின் இளகுபலம் குறித்ததைவிடப் பொதுவாகக் கொஞ்சம் கூடவே இருக்கும். இவை எல்லாம் வளைவுத்திறனை ஏற்றுகின்றன, வெட்டுவிசைத் தேவையையும் இழுத்துக்கொண்டு ஏறுகின்றன.

ஆகவே முறை இது. முதலில் வளைவுக்கு வடிவமை. அப்புறம் அந்தத் தூண் எட்டக்கூடிய மிக உயர்ந்த வளைவுத்திறனை, எல்லா ஏற்றங்களோடும் கணக்கிடு. அந்த வளைவு உருவாக்கும் வெட்டுவிசைக்கு ரிங் போடு. வெடிப்புச் சுமை எவ்வளவு என்பது தவறாகவே போகட்டும், அப்போதும் தூண் வளைந்துதான் தோற்கும். நிலநடுக்கப் பொறியியலின் திறன்வழி வடிவமைப்பு இதேதான். உங்கள் முதல் கேள்விக்கு இது ஒரு பாதிப் பதில்: அந்த டீட்டெயிலிங் மிகவும் உதவும். ரிங் முனையை உள்ளே மடக்கும் 135 டிகிரி ஹூக், நெருக்கமான ரிங், தூணின் நடு உயரத்தில் லேப் (மெயின் கம்பிகளை இணைக்கும் இடம்), எல்லாமே.

ஒரு வேறுபாடு உண்டு. நிலநடுக்கத்தில் தூணின் இரு முனைகளில் மட்டும் ரிங்கை நெருக்குகிறோம், ஏனென்றால் தூணை வளைக்கும் தாக்கம் அங்கேதான் உச்சம். வெடிப்பில் அழுத்தம் தூணின் நீளம் முழுதும் விழுகிறது, நடுவிலும் இளகும் கணு (கம்பி இளகித் தூண் கீல்போல் மடங்கும் இடம்) உருவாகும். முகப்புத் தரைத்தளத் தூணில் நெருக்கமான ரிங் அடியிலிருந்து உச்சி வரை ஒரே அளவில் போக வேண்டும்.

விளிம்புத்தூண்

இதற்கு மிக வேதனையான சான்று, லாரிக் குண்டு வெடிப்பில் சரிந்த அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி மர்ரா கட்டடம். 1995 ஏப்ரல் 19, 168 பேர் இறந்தார்கள். ஒன்பது மாடி ஆர்.சி.சி. சட்டகம். மேல்மாடிகளில் முகப்புத் தூண்கள் சுமார் 6 மீட்டருக்கு ஒன்று, தரைமட்டத்தில் 12 மீட்டருக்கு ஒன்று. மூன்றாம் தளத்தில் ஒரு டிரான்ஸ்பர் கர்டர் மேல்தூண்களை வாங்கிக் கீழ்த்தூண்களுக்குக் கொடுத்தது.

வெடிப்புக்கு மிக அருகில் இருந்த ஒரு தூண் நொறுங்கியே போனது. அதன் இருபக்கமும் இருந்த தூண்கள் நொறுங்கவில்லை, வெட்டுவிசையில் தோற்றன. மூன்று தூண்கள் போனதும் கர்டரின் ஆதார இடைவெளி 12 மீட்டரிலிருந்து கிட்டத்தட்ட 49 மீட்டர் ஆகிவிட்டது. பிறகு நடந்தது முழுதும் புவியீர்ப்பு. பயன்பாட்டுப் பரப்பில் ஏறத்தாழ பாதி சரிந்தது.

1996இல் அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமா வெளியிட்ட 277ஆம் எண் ஆய்வறிக்கை, வலுவான நிலநடுக்கப் பகுதிக்குரிய சிறப்புச் சட்டக டீட்டெயிலிங் இருந்திருந்தால் சரிந்த பரப்பு 50 முதல் 80 சதவீதம் வரை குறைந்திருக்கும் என்று மதிப்பிட்டது. அந்தக் கட்டடம் அன்றைய விதிகளுக்கு உட்பட்டுத்தான் கட்டப்பட்டது. விதி கேட்காததை யாரும் செய்யவில்லை, அவ்வளவே.

புதுத்தூண்

நொறுங்கிய அந்த முதல் தூணை எந்த டீட்டெயிலிங்கும் காப்பாற்றியிருக்காது இல்லையா?

விளிம்புத்தூண்

அவ்வளவு நெருக்கத்தில் சாதாரணத் தூண் நிற்காது. ஆனால் பக்கத்துத் தூண்கள் வெட்டுவிசைக்கு நின்றிருந்தால் ஒரு தூண் இழப்போடு முடிந்திருக்கலாம். கர்டர் அப்போதும் 24 மீட்டரைத் தாண்ட வேண்டியிருந்திருக்கும், அதுவும் சாதாரணக் காரியமில்லை. அதனால்தான் வெளிப்புறத்தில் டிரான்ஸ்பர் கர்டரே வேண்டாம் என்பது என் கருத்து. தரைத்தளத்தில் அழகான பெரிய திறப்பு கிடைக்கிறது. அதற்கு விலையாக ஒரு தூண் போனால் மேலே பல தூண்களின் சுமைப்பாதை ஒரே நேரத்தில் அறுந்துபோகும் நிலையை விலைக்கு வாங்குகிறோம். கட்டடக்கலைஞரோடு சண்டை போட்டாவது இதைத் தடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட மலிவான பாதுகாப்பு இடைத்தூரம். கனமூல விதியையே திருப்பிப் படியுங்கள்: தூரத்தை இரண்டு மடங்காக்கினால், அதே உச்ச அழுத்தத்தை உண்டாக்க எட்டு மடங்கு வெடிபொருள் தேவை. வண்டிகள் நெருங்க முடியாதபடி வேலியும் தடைக்கற்களும் வைக்கும் செலவு, தூணைப் பலப்படுத்தும் செலவுக்கு முன் ஒன்றுமில்லை.

எஃகுச்சட்டம்

எஃகுச் சட்டகத்தைப் பற்றியும் கொஞ்சம். எஃகுக்கு வளைந்துகொடுக்கும் குணம் அதிகம், ஆனால் நிறை குறைவு. ஐ வடிவத் தூணின் விளிம்புத் தகடுகளும் நடுத்தகடும் தனித்தனியாக மடங்கும். முகப்புத் தூண்களைக் கான்கிரீட்டால் பொதிந்துவிட்டால் நிறையும் கிடைக்கும், தகடு மடங்குவதும் தடுக்கப்படும், தீப்பாதுகாப்பும் கூடவே வரும். மற்றபடி எஃகில் எல்லாமே இணைப்புதான். அமெரிக்காவின் 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் பீமையும் தூணையும் சேர்க்கும் வெல்டுகள் விரிசல் விட்டதைப் பார்த்தபின் மாற்றிய இணைப்புகள் வெடிப்புக்கும் நல்லவை. வெறும் வெட்டுவிசைக்கு மட்டும் போட்ட போல்ட் இணைப்பு, பீம் கயிறுபோல் தொங்கி இழுக்கும்போது பிடித்துக்கொள்ளாது.

நடுத்தளம்

இந்தத் தொங்கும் நிலையைப் பற்றிப் பலர் தைரியமாகப் பேசுகிறார்கள். தூண் போனாலும் பீம் கயிறாகிச் சுமையைத் தாங்கிவிடும் என்று. எண் போட்டுப் பார்க்கலாம். இரண்டு 6 மீட்டர் பீம்களுக்கு நடுவில் இருந்த தூண் போய்விட்டது. சுமை மீட்டருக்கு 25 கிலோநியூட்டன், நடுவில் 1 மீட்டர் தொங்கல். 25ஐ 12இன் வர்க்கத்தால் பெருக்கி 8ஆல் வகுத்தால் இழுவிசை 450 கிலோநியூட்டன். 500 மெகாபாஸ்கல் கம்பிக்கு 900 சதுர மில்லிமீட்டர் போதும். பார்க்கச் சுலபமாகத் தெரிகிறது.

ஆனால் 6 மீட்டருக்கு 1 மீட்டர் என்றால் பீம் முனையில் ஒன்பதரை டிகிரி திருப்பம். 2 டிகிரியைத் தாண்டினாலே அழுத்தப் பக்கக் கான்கிரீட் நசுங்கத் தொடங்கும் என்பது வெடிப்பு வடிவமைப்பின் அடிப்படை. சாதாரண பீம் முனை ஒன்பதரை டிகிரி வரை கம்பி அறாமல் போகும் என்று நம்ப முடியாது. அதனால்தான் யு.எஃப்.சி. 4-023-03 இப்படி இழுத்துப் பிடிக்கும் கம்பிகளை ஸ்லாபில் பரப்பிப் போடச் சொல்கிறது. பீமில் போடுவதானால் அது 0.20 ரேடியன் திருப்பத்திலும் இழுவிசையைத் தாங்கும் என்று காட்ட வேண்டும். இதோடு, சுமை திடீரென்று விழுகிறது. மீள்நிலையில் இரண்டு மடங்கு, இளகும் சட்டகத்தில் அதைவிடக் குறைவு. ஓர மூலைத் தூண் போனால் இழுத்துப் பிடிக்க மறுபக்கமே இல்லை, அங்கே கயிறு என்ற பேச்சுக்கே இடமில்லை, வளைவு எதிர்ப்பு ஒன்றுதான் துணை.

வளையக்கம்பி

ஸ்லாபைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கண்ணாடி உடைந்து அழுத்தம் உள்ளே போனால் ஸ்லாபைக் கீழிருந்து தூக்காதா?

நடுத்தளம்

தூக்கும். சட்டகக் கட்டடங்களில் அதிகம் மறக்கப்படுவது இதுதான். 150 மில்லிமீட்டர் ஸ்லாபின் சொந்த எடை சதுர மீட்டருக்கு 3.6 கிலோநியூட்டன், அதாவது 3.6 கிலோபாஸ்கல். உள்ளே நுழையும் அழுத்தம் அதைத் தாண்டினாலே எடை போதாது. ஸ்லாப் மேலே வளையும்போது நடுவில் மேற்கம்பி வேண்டும், அங்கே நாம் போடுவதே இல்லை. முட்டுப்பகுதியில் (தூணிலோ பீமிலோ அமரும் இடத்தில்) கீழ்க்கம்பி தொடர வேண்டும், அதையும் பாதியில் நிறுத்திவிடுகிறோம். மேல்நோக்கி வளைந்து உடைந்த ஸ்லாப் திரும்பி விழும்போது தூணைச் சுற்றிக் குத்திக்கொண்டு இறங்கும். தூண் வழியாகத் தொடர்ந்து போகும் கீழ்க்கம்பி நாலு இருந்தால் அதில் தொங்கிக்கொண்டாவது இருக்கும்.

ஸ்லாப் போனால் தூணும் தனியாகிவிடும். ஒரு தளம் இல்லாமல் போனால் தூணின் தாங்கலற்ற நீளம் இரண்டு மடங்கு, நெளிவுச் சுமை (தூண் பக்கவாட்டில் நெளிந்துபோகும் சுமை) நாலில் ஒரு பங்கு. 1993 பிப்ரவரியில் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் நிலவறையில் நடந்த வெடிப்பில் ஸ்லாப்கள்தான் இடிந்தன. எஃகுத் தூண்கள் நின்றன, ஆனால் பக்கத் தாங்கல் இழந்து நின்றன. அவசரமாகத் தற்காலிகத் தாங்கல் கொடுக்க வேண்டியிருந்தது.

எஃகுச்சட்டம்

வீட்டு எரிவாயு வெடிப்பும் இதே கணக்கா? குடியிருப்புகளில் அதுதான் அதிகம் நடப்பது.

விளிம்புத்தூண்

இல்லை. எரிவாயு வெடிப்பில் அதிர்ச்சி அலை பொதுவாக வருவதில்லை. அழுத்தம் மெதுவாக ஏறும், நூறு மில்லிவினாடி அளவில் நீடிக்கும். உச்சம் குறைவு, ஆனால் உறுப்புகளுக்கு அது கிட்டத்தட்ட நிலைச்சுமை மாதிரி. அங்கே சன்னல் சீக்கிரம் உடைவது நல்லது, அழுத்தம் வெளியேற வழி கிடைக்கும். 1968 மே 16 அன்று லண்டனில் 22 மாடி ரோனன் பாயின்ட் கட்டடத்தின் 18ஆம் மாடியில் நடந்தது இந்த வகை. அது சட்டகம் இல்லை, சுவர்ப் பலகைகளை அடுக்கிய கட்டடம். ஒரு பலகை வெளியே தள்ளப்பட்டதும் மூலை முழுதும் மேலும் கீழும் சரிந்தது, நாலு பேர் இறந்தார்கள். பிரிட்டிஷ் விதிகளில் முக்கிய உறுப்புகளுக்கு 34 கிலோபாஸ்கல் என்ற எண் அதற்குப் பிறகுதான் வந்தது. அதை வெடிகுண்டுச் சுமை என்று நினைத்துப் பயன்படுத்துகிறவர்களைப் பார்க்கிறேன். அது எரிவாயு வெடிப்பின் வழிவந்த ஓர் ஒப்பு எண்.

புதுத்தூண்

எல்லோருக்கும் நன்றி. இப்போது செய்யப்போவது: முகப்பு பேனலை ஸ்லாபிலிருந்து ஸ்லாபுக்கு நிற்கும்படி மாற்றி, தூணிலிருந்து இடைவெளி விட்டுப் பிரிக்கிறேன். தரைத்தள முகப்புத் தூண்களுக்கு முழு உயரத்துக்கும் ஒரே நெருக்கத்தில் ரிங். பிறகு முகப்புத் தூண்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கிறேன், மூலையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு சந்தேகம் மீதி. பேனலுக்கு வெளிப்பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் ஒரே அளவு கம்பி போட வேண்டுமா? அழுத்தம் ஒரு பக்கத்திலிருந்துதானே வருகிறது?

நடுத்தளம்

இரண்டு பக்கமும் சமமாகப் போடுங்கள். உள்ளே வளைந்த பேனல் திரும்ப வெளியே துள்ளும், அதே நேரம் வெளியில் அழுத்தம் வளிமண்டலத்துக்குக் கீழே இறங்கி உறிஞ்சும் கட்டமும் வரும். இரண்டும் ஒத்துப்போனால் பேனல் வெளிப்பக்கம் பிய்ந்து தெருவில் விழும். 2 டிகிரிக்கு மேல் திருப்பம் அனுமதிக்கிறீர்கள் என்றால் நசுங்கிய கான்கிரீட்டின் வேலையை அந்த இரண்டாவது அடுக்குக் கம்பிதான் செய்ய வேண்டும், இரண்டு அடுக்கையும் குறுக்குக் கம்பியால் கட்டவும் மறக்காதீர்கள். பேனலை ஸ்லாபோடு பிணைக்கும் ஆங்கரையும் இருதிசை விசைக்கும் பாருங்கள். பேனலின் முழு வளைவுத்திறன் கொடுக்கும் ஆதார விசையைவிட ஆங்கரின் பலம் கூடுதலாக இருக்க வேண்டும். மூலைத் தூண் நீக்கிய கணக்கின் முடிவு வந்ததும் பீம் கம்பி வரைபடத்தோடு இங்கே போடுங்கள், முட்டுப்பகுதியில் கீழ்க்கம்பி எங்கே நிற்கிறது என்பதை முதலில் பார்க்கலாம்.